முதல்தரப் பிழை

அந்த வருஷம் சரியான விடைகள் எங்கு பார்த்தாலும் கொட்டிக் கிடந்தன. தப்பான விடைக்குத்தான் தட்டுப்பாடு வந்தது.

கைபேசியில் எதைத் தட்டினாலும், அது போய்ச் சேருவதற்குள் உள்ளே இருக்கும் இயந்திரம் திருத்திவிட்டது. காதலர்கள் சந்திப்பிழை இல்லாமல் கொஞ்சினார்கள். டீக்கடைப் பலகையில் ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது. ஏழாம் வகுப்பு வீட்டுப்பாடத்தில் ஒரு பின்னம்கூடத் தவறாகக் கூட்டப்படவில்லை. பிழை என்பது மனிதர்கள் நேரில் பேசும்போது மட்டும் நடக்கும் காரியமாகிவிட்டது. நேரில் பேசுவதும் குறைந்துகொண்டே வந்தது.

இப்படிப்பட்ட காலத்தில்தான், பெருந்துறையில் மோட்டார் பம்பு விற்றுக்கொண்டிருந்த சென்னியப்பன் புகழ்பெற்றார்.

சென்னியப்பனுக்குக் கணக்கு என்றால் உயிர். கணக்குக்கு அவரைக் கண்டால் ஆகாது. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொட்டேஷன் தாள்களின் பின்புறத்தில் புதிர் போட்டுப் பார்ப்பது அவருடைய ஒரே பொழுதுபோக்கு. 'கணக்கோடு விளையாடு' என்ற இணையக் குழுவில் பல வருஷமாக உறுப்பினர். தினமும் காலையில் அங்கே ஒரு புதிர் போடுவார்கள். உறுப்பினர்கள் விடையும் வழியும் எழுத வேண்டும். தஞ்சாவூரில் கல்லூரிக் கணிதத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் அறவாழிதான் குழுவின் நிர்வாகி.

இயந்திரங்கள் எல்லாப் புதிரையும் கண்மூடித் திறப்பதற்குள் போட ஆரம்பித்தபோது, குழுவினர் ஒரு சத்தியம் செய்துகொண்டார்கள். சொந்த மூளையால் போட்டதை மட்டும்தான் எழுதுவது. சத்தியத்தை எல்லோரும் காப்பாற்றுவதாக எல்லோரும் சொன்னார்கள். புதிர் வந்த சில நிமிஷங்களில் நாற்பது விடைகள் வந்து விழும். நாற்பதும் சரி. நாற்பதும் ஒரே மாதிரிப் பத்தி பிரித்து, ஒரே மாதிரி நிதானத்தோடு எழுதப்பட்டிருக்கும். ஒருநாள் பேராசிரியரே தன் தீர்வின் கடைசியில், 'இதைப் பற்றி வேறு ஏதேனும் விளக்கம் தேவையா?' என்ற வரியை அழிக்க மறந்து அனுப்பிவிட்டார். அதையும் முப்பது பேர் பாராட்டினார்கள்.

சத்தியத்தை உண்மையில் காப்பாற்றியவர்கள் இரண்டே பேர். ஒருவர் சென்னியப்பன். இன்னொருவர் நாகர்கோவிலில் வங்கி அதிகாரியாக இருந்த ஷெரின் ஜெபராணி. ஷெரினுக்குக் கணக்கு வரும். அதனால் அவர் விடைகள் நாற்பதோடு நாற்பத்தொன்றாகக் கரைந்துபோகும். சென்னியப்பன் விடைகள் அப்படிக் கரைவதில்லை.

'ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று ஆறு மணி நேரத்தில். இரண்டையும் திறந்தால்?' என்று ஒரு புதிர். விடை இரண்டு மணி நேரம். சென்னியப்பன் எழுதினார்: 'அஞ்சு மணி நேரம் ஆகுமுங்க. ரெண்டையும் ஒரே மோட்டாருல மாட்டுனா பிரஷர் பிரிஞ்சு போயிரும். எங்கிட்ட வாங்குன மோட்டாரா இருந்தா நாலரை.'

கிணற்றில் ஏறும் நத்தை பகலில் மூன்று அடி ஏறி இரவில் இரண்டு அடி சறுக்குகிறது, முப்பது அடிக் கிணற்றிலிருந்து என்றைக்கு வெளியே வரும் என்று இன்னொன்று. 'கெணத்துல மேல் பத்தடிக்குப் பாசி புடிக்காதுங்க. அங்க சறுக்காது' என்று தொடங்கி, முழு ஆதாரங்களுடன் ஒரு தப்பான நாளைச் சொன்னார்.

பேராசிரியர் இவற்றுக்கு ஒரு கும்பிடு பொம்மையை மட்டும் அனுப்புவார். ஷெரின் போன் செய்வார்.

"அண்ணே, விடைய நான் சொல்ல மாட்டேன். எந்த எடத்துல சறுக்குனீங்கன்னு மட்டும் காட்டித் தாறேன், பாருங்க."

சென்னியப்பன் பார்ப்பார். மறுபடி போடுவார். மறுபடி சறுக்குவார், வேறு இடத்தில். அவருக்கு அதில் வருத்தமில்லை. ஒரே ஒரு புதிரையாவது, ஏன் அப்படி என்பதோடு சேர்த்து, தானாகக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுதான் ஆசை. அதற்குப் பிறகு கணக்கை விட்டுவிடக்கூடத் தயாராக இருந்தார்.

ஒரு காலையில் கடை வாசலில் கார் வந்து நின்றது. இறங்கிய இளம்பெண் தன் பெயர் தாரிணி என்றும், 'நிகர்மதி' என்ற நிறுவனத்திலிருந்து வருவதாகவும் சொன்னாள். சென்னியப்பன் அவளை ஏழரை எச்பி மோட்டார் கேட்டு வந்தவள் என்று நினைத்துக்கொண்டு விலைப்பட்டியலை எடுத்தார்.

"மோட்டார் வேண்டாம் சார். உங்க தப்புதான் வேணும்" என்றாள் தாரிணி.

"என்ன தப்புங்க பண்ணுனேன்?"

"நிறைய பண்ணியிருக்கீங்க சார். எல்லாமே சூப்பர்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மனுஷங்க எங்க தப்பு பண்ணுவாங்கன்னு எங்க மெஷினுக்குத் தெரிஞ்சாகணும். மாத்திரை அட்டையை எப்படித் தப்பாப் படிப்பாங்க, லிஃப்ட்ல எந்த பட்டனைத் தப்பா அமுக்குவாங்க, குழந்தைங்க கணக்குல எங்க முழிப்பாங்க. அதையெல்லாம் முன்னாடி இன்டர்நெட்ல இருந்தே கத்துக்கும். இப்ப அங்க ஒரு தப்பும் இல்லை. எல்லாத்தையும் மெஷினே திருத்திடுது. அது எழுதினதையே அது படிச்சுட்டிருக்கு. நாடு முழுக்கத் தேடினோம் சார். கலப்படமே இல்லாத மனிதப் பிழை, தொடர்ந்து, தினசரி, காரணத்தோட, எழுத்துல தர்றது நீங்க ஒருத்தர்தான்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் தன் கணக்கைப் புகழ்வதைக் கேட்டு, சென்னியப்பன் விலைப்பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒப்பந்தத்தில் நிபந்தனைகள் இருந்தன. அவர் தினமும் புதிர் போட வேண்டும். மற்றவர்களின் தீர்வைப் படிக்கக் கூடாது. யாரும் அவருக்குச் சொல்லித்தரக் கூடாது.

"அப்ப நான் கத்துக்கக் கூடாதுங்களா?"

"தாராளமாக் கத்துக்கலாம் சார். கணக்கு தவிர எது வேணும்னாலும்."

அவர் யோசித்தார். தோட்டத்துக் கிணறுகளெல்லாம் தாங்களாகவே இணையத்தில் மோட்டார் வாங்கிக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து கடையில் ஈதான் ஓட்டிக்கொண்டிருந்தார். போதாததற்குப் பேராசிரியரும் போனில் அழைத்தார். நிகர்மதி குழுவுக்கும் ஆதரவு தருவதாகச் சொல்லியிருந்தது. "இது தனிமனித விஷயமில்லை சென்னியப்பன், தமிழ்க் கணிதத்துக்கே கௌரவம்" என்றார். சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார். தேதியைத் தப்பாக எழுதினார். தாரிணி அதைப் பத்திரமாகப் படம் எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு குழுவில் நிகர்மதியின் மதிப்பீட்டு இயந்திரமான 'அளவி' வந்தது. யார் எதை எழுதினாலும் அதன் கீழே அளவியின் தீர்ப்பு ஒரு வரியில் வந்துவிடும். சென்னியப்பன் எழுதுவதற்கெல்லாம் 'இயற்கைப் பிழை. முதல் தரம்' என்று வந்தது.

பிழைக்கு மரியாதை வந்ததும் மற்றவர்களுக்கும் பிழை செய்ய ஆசை வந்தது. நேற்றுவரை சரியாகவே போட்டவர்கள் ஒரே ராத்திரியில் தப்பாகப் போட ஆரம்பித்தார்கள். ஆனால் தப்பு அவ்வளவு சுலபமாக வரவில்லை. தங்கள் இயந்திரத்திடமே 'மனிதன் செய்வது போல ஒரு தப்பு போட்டுக் கொடு' என்று கேட்டு வாங்கி ஒட்டினார்கள். அளவி ஈவிரக்கமில்லாமல் 'கடன் வாங்கிய பிழை' என்றது. பேராசிரியர் அறவாழி உட்கார்ந்து யோசித்து, ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று ஒரு வரியில் நுழைத்துப் பார்த்தார். 'செயற்கைப் பிழை. எழுதியவருக்கு விடை தெரியும்' என்று வந்தது. அவருக்கு அவமானமாகிவிட்டது. தன் தரத்தைக் காட்ட, பகா எண்களைப் பற்றித் தான் முப்பது வருஷம் உழைத்து நிறுவிய தேற்றத்தைக் குழுவில் வெளியிட்டார்.

'இயற்கைப் பிழை. முதல் தரம்' என்றது அளவி.

ஒரு வாரம் அவர் குழுப்பக்கமே வரவில்லை. பிறகு அந்தத் தீர்ப்பை அச்செடுத்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். 'இயற்கைப் பிழையாளர் மன்றம்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கித் தானே தலைவரானார்.

ஷெரினுக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. ஒருநாள் சென்னியப்பனின் விடைக்குக் கீழே, எல்லோரும் பார்க்க, 'அண்ணே, நாலாவது வரியைத் திரும்பப் பாருங்க' என்று எழுதிவிட்டார். 'தூய்மைக் கேடு' என்று அளவி சிவப்பில் கத்தியது. தேசியச் சொத்தைக் கெடுக்க வந்தவர் என்று பலர் அவர்மீது பாய்ந்தார்கள். பேராசிரியர் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்.

சென்னியப்பன் அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ எழுதத் தொடங்கி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்தார். கடைசியில் அன்றைய புதிருக்கு விடையை மட்டும் அனுப்பினார். முதல் தரம் வந்தது.

புகழ் வீட்டுக்கும் வந்தது. நிகர்மதியின் பாடம் சொல்லித்தரும் மென்பொருள் பள்ளிகளுக்குப் போனபோது, சில பிழைகளுக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். ஈரோடு போய்த் திரும்பிய வசந்தாமணி பையைக்கூடக் கீழே வைக்காமல் கணவரிடம் கேட்டாள்.

"ஏனுங், பஸ்ஸுல ஒரு வாத்தியாரம்மா இன்னொருத்திகிட்டச் சொல்றாங்க, 'எங்க கிளாஸுல எட்டுப் பேரு சென்னியப்பன் போட்டுட்டாங்க'ன்னு. அப்படின்னா என்னங்?"

"ஒரு வகைக் கணக்குங்கம்மிணி."

"அப்பறம் ஏன் அவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க?"

அவர் அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார்.

அடுத்த வாரம் ஒரு புதிர் வந்தது. பன்னிரண்டு கற்கள் ஒரு குவியல். அதை எப்படி வேண்டுமானாலும் இரண்டாகப் பிரி. இரண்டு பக்கத்து எண்ணிக்கையையும் பெருக்கிக் குறித்துக்கொள். ஒவ்வொரு குவியலையும் இப்படியே பிரித்துக்கொண்டு போ, எல்லாம் ஒற்றைக் கல்லாகும்வரை. குறித்ததை எல்லாம் கூட்டு. எப்படிப் பிரித்தாலும் ஒரே கூட்டுத்தொகைதான் வரும். ஏன்?

சென்னியப்பன் சாப்பாட்டுத் தட்டில் பன்னிரண்டு நிலக்கடலையைப் பரப்பினார். ஆறும் ஆறுமாகப் பிரித்து ஆரம்பித்தார். அறுபத்தாறு வந்தது. நம்ப முடியாமல் மனைவியைக் கூப்பிட்டு, "உன்ற இஷ்டத்துக்குப் பிரி" என்றார். வசந்தாமணி ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தள்ளிவைத்தாள். அதே அறுபத்தாறு.

"இதென்னங் மாயம்?"

"அதுதானே தெரியலை."

மூன்று நாள் தட்டு அப்படியே இருந்தது. நான்காம் நாள் காலை, வசந்தாமணி தட்டைக் கழுவ எடுக்க வந்தபோது, ஐந்து கடலை அந்தப் பக்கமும் ஏழு இந்தப் பக்கமும் இருந்தன. சென்னியப்பன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. நம்ம பாகம் பிரிச்சப்ப ஊட்டுல எத்தன பேரு?"

"பன்னெண்டு. எதுக்குங் இப்ப அது?"

"மொதல்ல அண்ணன் போனாரு. அஞ்சு பேரு அக்கட்ட, ஏழு பேரு இக்கட்ட. அந்த அஞ்சுல ஒவ்வொருத்தரும் இந்த ஏழு பேரையும் பிரிஞ்சாங்க. அஞ்சேழு முப்பத்தஞ்சு பிரிவு. பெருக்கறமே, அது இதுதான். எத்தன சோடி பிரிஞ்சுதுங்கறதுதான் அந்தப் பெருக்கல்!" அவர் ஐந்து கடலையை மறுபடி இரண்டாக நகர்த்தினார். "அப்பறம் அண்ணன் ஊடும் பிரிஞ்சுது, நம்மளும் பிரிஞ்சோம். எப்படிப் பிரிஞ்சா என்ன? கடைசியில எல்லாரும் தனித்தனி. ஒவ்வொருத்தரும் மத்த ஒவ்வொருத்தரையும் ஒரே ஒருக்காத்தான் பிரிய முடியும். பன்னெண்டு பேருல எத்தன சோடி? ஆளுக்குப் பதினொண்ணு, பன்னெண்டு பதினொண்ணு நூத்திமுப்பத்திரண்டு. ஒரு சோடிய ரெண்டு தடவ எண்ணிட்டம், அதுல பாதி. அறுபத்தாறு!"

வசந்தாமணி கடலைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் அதை அப்படியே குழுவில் எழுதினார். கீழே அளவியின் தீர்ப்பு வந்தது: 'பிழை இல்லை. மனிதர் எழுதியதற்குச் சான்று இல்லை. இயந்திர உதவி எனக் கொள்ளப்படுகிறது.'

குழு கொதித்துப்போனது. தினமும் காலையில் இயந்திரத்திடம் விடை வாங்கி ஒட்டுகிறவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். 'சத்தியம் என்ன ஆச்சு?' என்றார் ஒருவர். 'உழைக்காமல் புகழ் தேடுகிறார்' என்றார் இன்னொருவர். 'உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை சென்னியப்பன். உங்கள் நேர்மையை முன்மாதிரியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்' என்று பேராசிரியர் மிகுந்த மனவேதனையோடு எழுதினார். அந்த மனவேதனை மூன்று பத்திகளில், ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது.

தாரிணி போனில் வந்தாள். "யாரு சார் ஹெல்ப் பண்ணாங்க?"

"ஒருத்தருமில்லீங்க. நானே போட்டனுங்க."

"அதை வெளியில சொல்லிடாதீங்க சார், ப்ளீஸ். காப்பியடிச்சீங்கன்னா ஒருநாள் தப்பு. மன்னிச்சுடலாம். நீங்க கத்துக்கிட்டீங்கன்னா எல்லாமே போச்சு."

அந்தப் பதிவை நிறுவனமே அழித்தது. 'சென்னியப்பன் கணக்கில் யாரோ புகுந்துவிட்டார்கள்' என்று ஓர் அறிவிப்பும் வந்தது. குழு நிம்மதியடைந்தது.

அன்று மத்தியானம் அவர் ஷெரினுக்குப் போன் செய்தார். நீக்கப்பட்ட பிறகு பேசுவது அதுதான் முதல் தடவை. நலம்கூட விசாரிக்காமல் கடலையிலிருந்து ஆரம்பித்து அறுபத்தாறு வரை சொல்லி முடித்தார்.

"எங்கீங்க சறுக்குனேன்?"

"எங்கயும் சறுக்கல அண்ணே. சரியாக்கும்."

"ஒரு எடத்துலகூட இல்லீங்களா?"

"இல்ல. நானும் முன்னாடி இத ஒரு புஸ்தகத்துல பாத்துப் போட்டிருக்கேன். சுத்தி வளைச்சு ரெண்டு பக்கம் வந்திச்சு. உங்க வழி அழகா இருக்கு."

சென்னியப்பன் ஒரு கொட்டேஷன் தாளின் பின்புறத்தில் அறுபத்தாறு என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு, "அன்னைக்கு உங்களைத் தூக்குனப்ப நான் ஒரு வார்த்தை பேசலீங்க" என்றார்.

"பேசியிருந்தா உங்களையும் தூக்கியிருப்பாங்க" என்றார் ஷெரின். சற்றுப் பொறுத்து, "ஆனாலும் பேசியிருக்கலாம் அண்ணே" என்றார்.

நிகர்மதியின் ஆண்டு விழா கோயம்புத்தூரில் நடந்தது. 'ஆண்டின் சிறந்த மனிதப் பிழையாளர்' விருது சென்னியப்பனுக்கு. பேராசிரியர் அறவாழி தலைமை தாங்கி, பிழையே மனிதம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். சென்னியப்பனுக்குச் சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்து, "நேயர்களுக்காக ஒரு புத்தம்புதுப் பிழை!" என்று கேட்டுக்கொண்டார். அவர் பேசுவதை அளவி பின்னால் பெரிய திரையில் மதிப்பிடும் என்று ஏற்பாடு.

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து பன்னிரண்டு நிலக்கடலையை எடுத்து மேஜையில் வைத்தார். அரங்கம் அதற்கே சிரித்தது.

"இது எங்க ஊடுங்க" என்றார். சிரிப்பு அதிகமானது. "அஞ்சு பேரு அக்கட்ட போனாங்க, ஏழு பேரு இக்கட்ட. அஞ்சேழு முப்பத்தஞ்சு பிரிவுங்க." கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. அண்ணன் வீடு பிரிந்ததைச் சொன்னார். தம்பி போனதைச் சொன்னார். ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரையும் ஒருமுறைதான் பிரிய முடியும் என்றார். அந்த இடத்தில் ஒரு கடலையை விரலால் தள்ளித் தனியாக வைத்தார். முன்வரிசையில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். "அதனால அறுபத்தாறுங்க" என்று முடித்தபோது பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெருக்கல் கணக்கில் பாகப்பிரிவினை! இதை எந்த இயந்திரமும் யோசிக்க முடியாது!" என்று கூவினார்.

திரையில் 'பிழை கண்டறியப்படவில்லை' என்று வந்தது. தாரிணி ஓடிவந்து மைக்கை வாங்கி, "பாருங்க, நம்ம அளவியையே கவுத்துட்டாரு!" என்றாள். கூரை இடிந்துவிடும்போல ஆரவாரம் எழுந்தது. திரையை அணைத்துவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் விருதை மடியில் வைத்தபடி சென்னியப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவிநாசி தாண்டியதும் வசந்தாமணி கேட்டாள்.

"எல்லாரும் எதுக்குங் சிரிச்சாங்க? நீங்க சரியாத்தானே சொன்னீங்க?"

"சரின்னு உனக்கெப்படித் தெரியும்?"

"பிரிஞ்சு போனதுல ஒருத்தி நானில்லீங்களா? உங்க தம்பி சம்சாரத்த ஒருக்காத்தான் பிரிஞ்சேன். இன்னொருக்கா பிரியறதுக்கு அவ திரும்பி வரவேயில்லையே."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பெருந்துறை வரும்வரை வேறு எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றியதும், 'கணக்கோடு விளையாடு' குழுவைத் திறந்தார். நேற்றைய விழாப் படங்கள் வரிசையாக இருந்தன. அன்றைய புதிரும் வந்திருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. 'எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தது ஷெரின் ஜெபராணிங்க. அவங்களைத் தூக்குன எடத்துல எனக்கு வேலை இல்லைங்க' என்று எழுதி அனுப்பிவிட்டு, குழுவிலிருந்து வெளியேறினார்.

டீ வாங்கி வருவதற்குள் பேராசிரியர் அவரை மறுபடி சேர்த்திருந்தார். 'கை தவறிப் பட்டிருக்கும்! அவருக்கு இதெல்லாம் சகஜம்' என்று எழுதியிருந்தார். எழுபது பேர் சிரித்திருந்தார்கள். சென்னியப்பன் மறுபடி வெளியேறினார். மறுபடி சேர்த்தார்கள். இந்த முறை சிரித்தவர்கள் நூற்றுக்கும் மேல்.

அவர் எழுதிய இரண்டு வரிக்குக் கீழே அளவியின் தீர்ப்பு வந்திருந்தது.

'இயற்கைப் பிழை. முதல் தரம்.'